வாய் காய்ந்தால் போதுமா

பணி ஓய்வு பெற்றால் நிம்மதி என்று எவர் சொன்னாரோ தெரியவில்லை. நான் நின்ற மருந்து ஜன்னலில் இப்போது நிற்கும் ஷாகுல், அடிக்கடி என் கைபேசிக்கு எதையாவது அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதையே வழக்கமாக வைத்திருக்கிறான். போன வாரம் அவன் அனுப்பியது ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சைத் திரையில் எடுத்த படங்கள். எச்சில் வடிவதைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டார் தங்களுக்குள் அனுபவம் பேசிக்கொள்ளும் குழு. "அண்ணாச்சி, இதப் படிக்கதுக்கு முன்னாடி பிரஷர் மாத்திரையப் போட்டுக்கிடுங்க" என்று குரலில் ஒரு செய்தி வேறு.

படித்தேன். 'சூப்பர் மருந்து. ஒரே நாளில் வாய் பஞ்சாகக் காய்ந்துவிட்டது. தைரியமாகக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்' என்கிறார் ஒருவர். 'எங்கள் மாமனாருக்கு ஒன்று போட்டுக் கேட்கவில்லை. நாங்களே இரண்டாக்கிவிட்டோம். இப்போது சட்டை நனைவதே இல்லை' என்கிறார் அடுத்தவர். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போடும் படங்கள். ஒரு தாய் வந்து, 'அளவு சொல்லுங்க சகோ, என் பையனுக்கும் அதையே கொடுக்கிறேன்' என்று கேட்கிறார். சகோவும் தயங்காமல் சொல்லிவிட்டார். பையனுக்கு என்ன வயது, என்ன நோய், வேறென்ன மருந்து சாப்பிடுகிறான் என்று சகோவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாய்க்கும் சொல்லத் தோன்றவில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டியது அது மட்டும் இல்லை. அத்தனை அனுபவங்களில் மாத்திரையை விழுங்கிய ஆள் எழுதியது ஒன்றுகூட இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் சட்டை துவைக்கிறவர்கள். சட்டை காய்ந்துவிட்டது, ஆகவே மருந்து நல்ல மருந்து. ஷாகுலைக் கூப்பிட்டு இதைச் சொல்லிக் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையே எழுதிக் கொடுங்க அண்ணாச்சி. பயிற்சிக்கு வந்திருக்க பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கேன்" என்றான். எழுதுகிறேன். கோபமில்லாமல் எழுத வரவில்லை, படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் மருந்தாளுநர். பட்டயப் படிப்பு முடித்து, வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் சில வருஷம் நின்று, பிறகு ஊருக்குள் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். மருந்தாளுநர் என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாலும் திருநெல்வேலிக்கு நான் கம்பவுண்டர் அண்ணாச்சிதான். திருத்தித் திருத்தி ஓய்ந்துபோய் நானே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசிப் பதினைந்து இருபது வருஷம் நரம்பு மருத்துவப் பிரிவின் ஜன்னலில்தான் இருந்தேன். நடுக்குவாதம் வந்த பெரியவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், பிறவியிலேயே மூளைவாதம் உள்ள பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு வாயோரம் எச்சில் வடியும். 'வாணி வடியுது' என்பார்கள் எங்கள் பக்கம். எச்சில் கூடுதலாகச் சுரக்கிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது அளவாகத்தான் சுரக்கும், அதைக் கூட்டி விழுங்கத்தான் அவர்களுக்கு முடியாது.

அதற்கு மாத்திரை உண்டு. கிளைகோபைரோலேட் என்று பெயர். நல்ல மருந்துதான், நான் குறை சொல்லவில்லை. எச்சிலில் வாயோரம் வெந்து புண்ணாகிக் கிடந்த பிள்ளைகள் அதைச் சாப்பிட்டு முகம் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாயை மட்டும் பார்த்துக் காயவை என்று அதனிடம் சொல்ல முடியாது. உடம்பில் நீர் சுரக்கும் இடம் எதுவானாலும் அங்கே போய்க் கொஞ்சம் அடைக்கும். மலம் இறுகும், சிறுநீர் தயங்கும், பார்வை மங்கும், வேர்வை நிற்கும். அதனால்தான் சிறிதாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்துப் பைய ஏற்ற வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு எதிரே நிற்கிறவர் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நடந்திருப்பார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு எங்கள் டாக்டரம்மா கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விடச் சொல்வார். அதுவும் எச்சிலைக் குறைக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு நடுக்குவாதம். அவருக்கு அந்த மருந்தை எழுதி, டாக்டரம்மா ஒரு தடவை சொல்லி, நான் ஜன்னலில் நாக்கைத் தூக்கிக் காட்டி இன்னொரு தடவை சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரமே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"கண்ணு மங்கிப் போச்சு வே. வெளிச்சத்தப் பார்க்க முடியல, பேப்பர் படிக்க முடியல. வாணி மட்டும் நிக்கவே இல்ல" என்றார்.

"மருந்த எங்கன விட்டீங்க அண்ணாச்சி?"

"கண்ணுலதான். ரெண்டு கண்ணுலயும்."

"நாக்குக்கு அடியிலன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீரு. டாக்டரம்மாவும் சொன்னாவ. பாவம், கூட்டத்துல அசந்து மாத்திச் சொல்லிட்டாவன்னு நாங்களே சரி பண்ணிக்கிட்டோம். அட்டையப் பாரும். கண்ணுக்குன்னு அச்சடிச்சிருக்கான். அச்சுல இருக்கத விட்டுட்டு வாய்ப்பேச்ச நம்பச் சொல்லுதீரா?"

பக்கத்தில் அவர் மனைவி பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, இவிய படிச்சுப் பார்த்தாவ. இல்லன்னா கண்ணு மருந்த வாயில ஊத்தி என்னத்துக்கு ஆயிருப்போம்!"

காலமெல்லாம் பத்திரம் பதிந்த மனுஷருக்கு அச்சில் இல்லாதது செல்லாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வெறும் தண்ணீரைச் சொட்டுக் குப்பியில் நிரப்பி அந்த அம்மாள் கையில் கொடுத்து, "இப்பம் இவருக்கு நாக்குக்கு அடியில விடுங்க, நான் பார்க்கேன்" என்றார். அந்த அம்மாள் நாக்கைத் தூக்கச் சொல்லி இரண்டு சொட்டு விட்டார். அதற்குப் பிறகு எந்தச் சொட்டு மருந்தானாலும் தண்ணீரில் ஒரு தடவை செய்து காட்டாமல் யாரையும் வெளியே விடக்கூடாது என்பது எங்கள் பிரிவில் சட்டம் ஆயிற்று. மருந்து அட்டையில் சிவப்பு மையால் 'நாக்குக்கு அடியில்' என்று எழுதியும் கொடுத்தேன். எழுத்தில் கேட்டார்கள், எழுத்தில் கொடுத்தாயிற்று.

இன்னொரு தொல்லை, வெறும் வயிறு. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போனால் பாதிகூட உடம்பில் சேராது. ஆனால் பாபநாசம் தொடங்கி ஆறு கடலில் சேர்கிற வரைக்கும் எந்த வீட்டிலாவது வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். குடல் வெந்துவிடும் என்று நம்மைக் கொலைகாரனாகப் பார்ப்பார்கள். மேலப்பாளையத்தில் இருந்து ஒருவர், வளைகுடாவில் வேலை, விடுமுறையில் வந்தவர், மருந்து கேட்கவேயில்லை என்று மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், "வெறும் வயித்துல கொடுக்க மனசு வருமா அண்ணாச்சி? அவன் உம்மா நெய்ச்சோறு நாலு வாய் ஊட்டிட்டுத்தான் கொடுக்கா" என்கிறார். பிள்ளை மேல் பாசம் இருக்கிறது, மருந்துதான் உடம்பில் சேரவில்லை.

இவற்றையெல்லாம்விட மோசம், மாத்திரையை நல்ல நாளுக்கு எடுத்து வைக்கிற பழக்கம். வீட்டில் இருக்கும்போது வடிந்தால் வடியட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாதம் முழுக்கக் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு என்று நாலு பேர் கூடும் இடத்துக்குக் கிளம்பும்போது இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனித் தேரோட்டம் நெருங்கினால் "தேரன்னைக்கு ஒண்ணு கூடப் போடலாமா?" என்று கேட்டு வருவார்கள். கேட்டு வருகிறவர்களாவது பரவாயில்லை. கேட்காமல் போட்ட ஒரு குடும்பம், மறுநாள் சிறுநீர் பிரியாமல் வயிறு வீங்கித் துடித்த பெரியவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தது. அவருக்குக் குழாய் போட்டு முடித்ததும் மகன்காரன் என்னிடம் சொன்னது: "ஆனா கல்யாணத்துல அப்பா முகம் பளிச்சுன்னு இருந்தது அண்ணாச்சி."

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை போட்டவர் பேசுவதுபோல் அடங்கிய குரல். வெற்றிலை போடுகிறவர் அல்ல, குரலே அப்படி. நோயாளியும் கூட வந்தவரும் உள்ளே வந்தால் முதல் வேலையாகத் தம் நாற்காலியைத் திருப்பி நோயாளிக்கு நேராகப் போட்டுக்கொள்வார். கூட வந்தவர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை துண்டு நனைகிறது, வெளிக்கு எப்படிப் போகிறது, சிறுநீர் எப்படி, தூக்கம் எப்படி. கேட்டுக்கொண்டே டார்ச் அடித்து நாக்கைப் பார்ப்பார். கடைசியில் புறங்கையை நோயாளியின் அக்குளில் வைத்துப் பார்ப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள் கூசிப் போவார்கள். அங்கே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கே பின்னால்தான் விளங்கிற்று.

அவருடைய இன்னொரு பழக்கம், பதில் வருகிற வரைக்கும் காத்திருப்பது. நோயாளி ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. இடையில் கூட வந்தவர் முந்திக்கொண்டு, "அவனுக்கு நல்லா இருக்கு டாக்டர்" என்றால், "அவன் சொல்லட்டும்" என்பார். வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும். நான் உள்ளே எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் காட்டுவேன். அவர் கண்ணை எடுக்க மாட்டார். அவரோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமாக இருந்ததில்லை.

இனி செல்வராணியின் கதை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

செல்வராணிக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். பிறந்ததில் இருந்தே மூளைவாதம். தாயைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். புத்தியில் ஒரு குறையும் கிடையாது, எல்லாம் விளங்கும். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். தாய் மாரியம்மாள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் இல்லை. இரண்டு பேரும் விடியலில் மலைப் பேருந்தைப் பிடித்து இறங்கி எங்களிடம் வருவார்கள். டாக்டரம்மா அவளுக்கு மாத்திரையைச் சிறிதாகத் தொடங்கி, பல மாதம் பார்த்துப் பார்த்து ஏற்றி, வேளைக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்தினார். அது அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்திற்று. வருஷக்கணக்கில் ஒரு வில்லங்கமும் இல்லை.

பிறகு தோட்டத்தை மூடியதில் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கும்படி ஆயிற்று. மாரியம்மாளும் மகளோடு இறங்கி, வண்ணார்பேட்டைக்குப் பின்பக்கம் தகரக்கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. செல்வராணியைப் பகலில் பார்த்துக்கொள்ள, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் ஒன்று கிடைத்தது. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. மலையில் இருந்து அவ்வளவு தூரம் வந்தவள், கூப்பிடு தூரத்துக்குக் குடிவந்த பிறகு எங்களிடம் வரவேயில்லை. பழைய சீட்டைக் காட்டி வெளியே ஏதோ கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டாள். கடைக்காரரும் கேட்ட அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சித்திரை வெயில் ஏறியதும் செல்வராணிக்குக் காய்ச்சல் தொடங்கியது. பகலில் கொதிக்கும், இரவில் தணியும், மறுநாள் மறுபடி கொதிக்கும். தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். இன்னொருவர் ரத்தம் எடுத்து டெங்கு இல்லை என்றார். மூன்றாமவர் டைபாய்டாக இருக்கலாம் என்று குளுக்கோஸ் ஏற்றினார். இத்தனை பேரில் ஒருவராவது, இவள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. மாரியம்மாளும் சொல்லவில்லை. அது வாய்க்கு உள்ள மாத்திரை, காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டாள். கடைசியில் ஒருநாள் மகள் வேனிலேயே துவண்டு சரிந்துவிட, மையத்துக்காரர்கள் தாயைக் கூப்பிட்டுவிட, அவள் ஆட்டோ பிடித்து நேரே எங்களிடம் வந்தாள்.

செல்வராணியின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உதடு வெடித்திருந்தது. வாயோரம் துளி ஈரம் இல்லை. டாக்டரம்மா வரிசையாகக் கேள்வி கேட்கவில்லை, முதலிலேயே அக்குளில் கையை வைத்தார். "பப்படம் மாதிரி இருக்கு" என்றார் என்னைப் பார்த்து. உடனே படுக்கையில் போட்டு, மின்விசிறிக்கு அடியில் ஈரத்துணி சுற்றி, நரம்பில் திரவம் ஏற்றினோம். சூடு கொஞ்சம் இறங்கி அவள் கண் திறந்து சுற்றிலும் பார்த்த பிறகுதான் விசாரணை.

"மாத்திரை எப்படிக் கொடுக்கீங்க?"

"நீங்க சொன்ன அளவுதாம்மா. வேளைக்கு ஒண்ணு" என்றாள் மாரியம்மாள்.

"செல்வராணி, நீ சொல்லு."

"அவ பேச மாட்டாம்மா. மலைய விட்டு இறங்குன நாளையில இருந்து வாயே திறக்க மாட்டேங்கா. மேல இருந்த நினைப்புலயே கிடக்கா."

டாக்டரம்மா ஒரு ஸ்பூன் வாங்கி, தண்ணீரை இரண்டு சொட்டாக அவள் உதட்டில் விட்டார். பிறகு நாக்கில். அவள் விழுங்குகிற வரைக்கும் காத்திருந்து, மறுபடி கொஞ்சம். வெளியே வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கைக்கடிகாரத்தைக் காட்டுகிற நானும் அன்றைக்கு அசையாமல் நின்றேன். பசையாக மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு மெல்ல விடுபட்டது. மலையை நினைத்து அவள் பேசாமல் இல்லை. வாயில் பேச ஈரம் இல்லை.

"காலையில எத்தனை மாத்திரை?"

செல்வராணி வெகுநேரம் முயன்றாள். "ரெண்டு" என்றாள்.

"ஏட்டி!" என்று தாய் கையை ஓங்கினாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, கேள்வியை மகளிடமே தொடர்ந்தார்.

"எந்த நாள்ல உனக்குச் சுகமா இருக்கு?"

"லீவு."

அவ்வளவுதான். மையத்துக்கு விடுமுறை விட்டால் அவளுக்குக் காய்ச்சல் இல்லை. மையத்துக்குப் போகிற நாளில் வேன் வருவதற்கு முன்னால் இரண்டு மாத்திரை, காய்ச்சல். மூன்று டாக்டர்கள் பார்த்தும் சொல்லாததை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். அவளிடம் யாராவது முன்பே கேட்டிருந்தால் அத்தனை ஊசியும் மிச்சம்.

மாரியம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். "நான் என்னம்மா செய்ய? துணி நனைஞ்சா திருப்பி அனுப்பிருவோம், மத்த பிள்ளைகளுக்குத் தொத்தும்னு அங்கன கறாராச் சொல்லிட்டாவ. இவ வீட்டுல இருந்தா நான் வேலைக்குப் போக முடியாது. தோட்டத்துலன்னா வரிசையா இருக்க லைன் வீட்டுல விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போவேன், எச்சி வடிஞ்சா யாராவது வந்து துடைச்சு விடுவாவ. இங்கன எங்களுக்கு யாரு இருக்கா? ஒண்ணு கூடக் கொடுத்தா சுத்தமா நின்னுச்சு. வேர்க்கவும் இல்ல. ஊரே வெக்கையில நாறிக்கிட்டுக் கிடக்கு, எம்பிள்ள மட்டும் பூ மாதிரி இருக்கான்னு சந்தோசப்பட்டேம்மா."

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. டாக்டரம்மாதான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கினார். "வேர்த்தாத்தான் உடம்புச் சூடு வெளிய போகும். மலையில குளிர்காத்து அந்த வேலையப் பார்த்துச்சு, வேர்க்காதது தெரியல. இங்கன தகரத்துக்கு அடியில, மூடுன வேனுக்குள்ள, இவ உடம்பு சூட்ட எங்கன கொண்டு போய் விடும்? இன்னும் ரெண்டு நாள் இப்படியே போயிருந்தா பிள்ளைய நீங்க திரும்பக் கூட்டிட்டுப் போயிருக்க முடியாது." மாரியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மாத்திரையை அடியோடு நிறுத்தி, அவள் தேறியதும், வெயில் தணிகிற வரைக்கும் ஒன்றும் வேண்டாம், பிறகு பாதியில் இருந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவைக்கூட டாக்டரம்மா செல்வராணியிடம் கேட்டார். "எச்சி வடியும். பரவாயில்லையா?" அவள் தலையாட்டினாள். உயிர் பிழைத்தது. ஆனால் மையம்? அவளைச் சேர்க்காவிட்டால் தாய்க்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் மறுபடியும் ஒருநாள் காலையில் இரண்டு மாத்திரைதான். டாக்டரம்மா என்னை அனுப்பினார். "நான் போனா எனக்குத் தலையாட்டிட்டு, நான் இந்தப் பக்கம் வந்ததும் பிள்ளையத் திருப்பி அனுப்பிருவாவ. நீங்க போய்ச் சண்டை போட்டாச் சரியா வரும்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

போனேன். பொறுப்பாளர் அம்மாள் கெட்டவர் இல்லை. நன்றாகப் பெருக்கித் துடைத்த இடம். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பூ வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். மத்த பிள்ளைகளப் பெத்தவங்க கேப்பாவல்லா? தொத்து வியாதின்னு பயப்படுதாவ" என்றார்.

"எச்சில் வியாதி இல்லம்மா. அவங்க பிள்ளைகளுக்கு ஊறலயா?"

"ஊறும். வெளிய வராதுல்லா."

உள்ளே இருந்தால் எச்சில், வெளியே வந்தால் வியாதி. அந்தப் பிள்ளை செத்துப் பிழைத்ததைச் சொன்னேன். அவர் கண் கலங்கினார், "அய்யோ பாவம்" என்றார். ஆனால் விதியை மாற்றவில்லை. குரலை உயர்த்தினேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில், சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள், அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து கூட்டிப் போவதானால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அரைநாள். வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. மாரியம்மாள் சாப்பாட்டுக் கடையில் அரைநாள் வேலைக்கு மாறிக்கொண்டாள், சம்பளமும் பாதி ஆயிற்று. "அரைநாள்னா அரைநாள் அண்ணாச்சி, பிள்ள இருக்காள்லா" என்றாள். அவளுக்கு ஆறிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படி மாத்திரையை விழுங்கியவளிடம் கேட்ட ஒரு டாக்டரால் ஓர் உயிர் தங்கிற்று. பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஜன்னலில் நின்று 'மருந்து எப்படி இருக்கு?' என்று கேட்கும்போது யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள். எங்களுக்கு வரிசை நீளம், நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தச் சாக்கை உங்களுக்கு முன்னாலேயே நான் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மத்தியானம், வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றேன். நிழல் இருந்த இடத்தில் எல்லாம் ஆள். ஓர் ஓரத்தில் மாரியம்மாளும் செல்வராணியும் நின்றார்கள். மையத்தில் இருந்து கூட்டி வருகிறாள் போலும். செல்வராணியின் தோளில் ஒரு துண்டு, அது ஏற்கெனவே நனைந்திருந்தது. மோவாயில் இருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "கம்...பண்டர்" என்றாள், தெளிவாக. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் பெயர் எனக்கு இனித்தது.

அவர்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, பட்டுப்புடவை, கையில் தாம்பூலப் பை, கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர், செல்வராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகர்ந்து நின்றார். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"பிள்ளைய இப்படியே விட்டுட்டியேம்மா. வாணி வடியதுக்கு மாத்திரை இருக்கு, தெரியாதா? எங்க சித்தி மவனுக்குக் கொடுத்தாவ. ரெண்டே நாள்ல வாய் சுத்தமாக் காஞ்சு போச்சு. பேரு வேணும்னா போன் போட்டுக் கேட்டுச் சொல்லுதேன்."

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். மாரியம்மாள் முந்திக்கொண்டாள். அந்தப் பெண்மணியின் வளையல் போட்ட கையைப் பிடித்து இழுத்து, மகளின் பிடரியில் கொண்டுபோய் வைத்தாள். பிடரி சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அந்தப் பெண்மணி அருவருத்துக் கையை உருவப் பார்த்தார். மாரியம்மாள் விடவில்லை. செல்வராணி சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"எச்சியும் இருக்கும், இல்லங்கல" என்றாள் மாரியம்மாள். "ஆனா நல்லாத் தொட்டுப் பாருங்கக்கா. எம்பிள்ளைக்கு வேர்க்குது."